சும்மா உட்காருவோர் பிரிவு

சமூக மையத்தில் எனக்குப் பொழுதுபோக்கு வல்லுநர் வேலை கிடைத்த அன்று அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்படின்னா என்னடா வேலை?"

"வர்றவங்களுக்குப் பொழுது போக வைக்கணும்பா."

"பொழுது அதுபாட்டுக்குப் போகுமேடா. அதுக்கு ஆள் வெச்சா தள்ளுவாங்க?"

அக்கா சமையலறையிலிருந்து, "காலேஜ்ல இவன் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதாம்பா. அனுபவம் இருக்குன்னு எடுத்திருப்பாங்க," என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. சின்ன வயதில் நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்டு முதுகில் போட்டவர் அவர். இப்போது அது சோறு போடப்போகிறது. அத்தனை அடியும் வீண்தானா என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்திருப்பார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வேலை கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று தெரியும் என்பதால் நானும் பட்டேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மையம் தபால் அலுவலகத்துக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் பெரிய எழுத்தில் 'உங்கள் மகிழ்ச்சி எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'செருப்பு முதலிய உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'. இரண்டில் எதைக் காப்பது சுலபம் என்று யாரோ நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதைப் போலவே பேசுவார். முதல் நாள் என்னை எதிரே உட்காரவைத்து எனக்கு மட்டும் வரவேற்புரை நிகழ்த்தினார்.

"தம்பி, மகிழ்ச்சியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நல்லதுதான் சார்."

"தப்பு. அளந்தாதான் அது மகிழ்ச்சி. அளக்கலைன்னா அது வெறும் கூச்சல். முன்னாடியெல்லாம் இங்க ஜனங்க வந்தாங்க, விளையாடினாங்க, சிரிச்சாங்க, போனாங்க. எவ்வளவு சிரிச்சாங்க? யாருக்கும் தெரியாது. எதனால சிரிச்சாங்க? நம்மாலதானா, இல்ல அவங்களாவே சிரிச்சுக்கிட்டாங்களா? அதுவும் தெரியாது. அது ஒரு இருண்ட காலம் தம்பி."

இருண்ட காலத்தை முடித்துவைத்தது 'முக வில்லை'. கேரம் காய் அளவில் மூன்று நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் துண்டுகள். மஞ்சளில் சிரித்த முகம், வெள்ளையில் நேர்கோட்டு வாய், நீலத்தில் கவிழ்ந்த வாய். முதுகில் உறுப்பினர் எண். உள்ளே வருபவர் அப்போதைய மனநிலைக்கு ஏற்ற வில்லையை நுழைவுப் பெட்டியில் போட வேண்டும். போகும்போது வெளியேற்றப் பெட்டியில் போட வேண்டும். மாலையில் நான் இரண்டு பெட்டியையும் கவிழ்த்து ஒப்பிட்டு, யார் யார் மாறினார்கள் என்று தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளையில் வந்தவர் மஞ்சளில் போனால் மையத்துக்கு நல்ல பெயர். நீலத்தில் வந்து மஞ்சளில் போனால் இயக்குநர் எல்லோருக்கும் டீ சொல்வார்.

ஏற்பாட்டில் ஒரு சிக்கல், தையல்காரரும் அவருடைய கூட்டமும். தையல்காரர், முடிவெட்டுபவர், அவர்களோடு இரண்டு மூன்று பேர். கேரம் ஆட வருவார்கள். தெரு முனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். வரும்போதும் மஞ்சள், போகும்போதும் மஞ்சள்.

"இவங்களால நமக்கு என்ன லாபம்?" என்று இயக்குநர் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். "வெளியில எங்கயோ சிரிச்சுட்டு வந்து நம்ம ஃபேன்காத்தை வாங்கிட்டுப் போறாங்க. இது ஒரு வகைத் திருட்டு இல்லையா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எனக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்துவிட்டது. அதன் பெயர் நுழைவு முன்தயாரிப்பு. வாசலில் நின்று, சிரித்துக்கொண்டே வருபவர்களிடம் ஓரிரு வார்த்தை பேசி, அவர்களை மையத்தின் சேவையைப் பெறத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

தையல்காரரிடம், "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டேன். நீலம் விழுந்தது.

முடிவெட்டுபவரிடம், "எதிர்ல ஏசி போட்ட கடை திறந்திருக்காங்களாமே?" என்றேன். நீலம்.

உள்ளே போய்க் கேரம் ஆடினார்கள். கால்மணி நேரத்தில் பழையபடி சிரித்தார்கள். மஞ்சள், மஞ்சள். இயக்குநர் டீ சொன்னார். தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. கொஞ்ச நாள் போனதும் நான் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை.

"உன் மூஞ்சிய வாசல்ல பாத்தாலே பையனோட மார்க்கு ஞாபகம் வந்துடுதுப்பா," என்றார் தையல்காரர், தானாகவே நீலத்தை எடுத்தபடி. "எதுக்குத் தொண்டை வறள நிக்கற? போய் உட்காரு."

கேரம் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் ஆடியது பழைய பலகை. சிவப்புக் காய் தொலைந்துபோனதால் கோட்டுப் பொத்தான் ஒன்றை வைத்து ஆடினார்கள். தலைமையகம் அனுப்பிய புதுப் பலகை ஸ்டோரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. ஸ்டோர் அண்ணனிடம் கேட்டேன்.

"ஆடினா கீறல் விழும் தம்பி."

"ஆடத்தானே அண்ணே பலகை?"

"அது சரி. கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது, பலகையா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆய்வுக்கு வர்றவங்க ஆடிப் பாக்க மாட்டாங்க. உறைமேல தட்டித்தான் பாப்பாங்க. நான் இத்தனை வருஷம் பாத்துட்டேன்," என்றார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெள்ளை வில்லை ஒன்று தொடர்ந்து கண்ணில் பட்டது. ஒரே எண். வரும்போது வெள்ளை, போகும்போது வெள்ளை. தினமும்.

அவரை எல்லோரும் டெலிபோன் அம்மா என்பார்கள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவார். கூடத்தின் கடைசியில் ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, அதில் உட்காருவார். ஜன்னலுக்கு வெளியே டயர் கடையின் பக்கச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதைப் பார்ப்பார். பார்க்கிறாரா என்றும் தெரியாது, அந்தப் பக்கம் முகம் இருக்கும். பொழுது சாய்ந்ததும் எழுந்து போய்விடுவார். புத்தகம் கிடையாது, பின்னல் ஊசி கிடையாது, பேச்சு கிடையாது.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"தலைமையகத்துல கேக்கறாங்க தம்பி. உங்க மையத்துக்கு ஒருத்தர் தினமும் வந்து, எதுவும் ஆகாம திரும்பிப் போறாரே, நீங்கல்லாம் அங்க என்ன பண்றீங்கன்னு. எனக்குத் தலைகுனிவா இருக்கு."

"அவங்க யாருக்கும் தொந்தரவு இல்லையே சார்."

"தொந்தரவு பண்ணாலாவது ஒரு பிரிவுல சேர்த்துடலாம். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அவங்க வில்லை மாறலைன்னா உறுப்பினர் அட்டையை ரத்து பண்ணிடுவோம். அந்த நாற்காலியை மாறக்கூடிய ஒருத்தருக்குக் கொடுக்கலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வேலை நிரந்தரமாகறதும் இதைப் பாத்துத்தான்."

அன்றே போய் டெலிபோன் அம்மா எதிரில் நின்றேன். கையில் பலூன். தலைமையகம் கொடுத்த கையேட்டில் முதல் படி பலூன்தான்.

"என்னப்பா இது?"

"ஊதலாம்மா."

"நீயே ஊது. உனக்குத்தான் நெஞ்சில காத்து இருக்கு."

ஊதினேன். அவர் சுவரைப் பார்த்தார். மறுநாள் சதுரங்கப் பலகையை விரித்தேன். மூன்று நகர்வில் என் ராணியை எடுத்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். அதற்கடுத்த நாள் சிரிப்புப் பயிற்சி. கை தட்டச் சொன்னேன், தட்டினார். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். சிரிக்கச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

கையேட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

கடைசியில் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். வில்லை, தலைமையகம், உறுப்பினர் அட்டை, மாசக் கடைசி. "போகும்போது ஒரு மஞ்சளைப் போட்டுட்டுப் போங்கம்மா. யாருக்கு என்ன தெரியப்போகுது."

"முப்பது வருஷம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, 'சற்று நேரத்தில் இணைக்கிறோம்'னு சொல்லிட்டிருந்தேன். பாதி பேருக்கு அந்தப் பக்கம் லைனே இருக்காது. அந்த வேலையோட பொய்யை எல்லாம் ஒப்படைச்சுட்டேன்ப்பா. வெள்ளைதான் எனக்குச் சரியான நிறம். நல்லாவும் இல்ல, மோசமாவும் இல்ல. ஏன், அது ஒரு குத்தமா?"

"இல்லம்மா. ஆனா நீங்க இங்க எதுக்கு வர்றீங்கன்னு கேட்டா நான் என்ன எழுதறது?"

"சும்மா உட்கார வர்றேன்னு எழுது."

"அதை வீட்டுல செய்யலாமேன்னு கேப்பாங்க."

அவர் முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல முடியாது. மகன் ஹால்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல மீட்டிங் பேசறான். மருமக தங்கமான பொண்ணு, அதுதான் கஷ்டமே. அஞ்சு நிமிஷம் நான் பேசாம உட்கார்ந்தா, 'அத்தை, என்ன யோசிக்கறீங்க? அத்தை, கோவமா? அத்தை, தலை சுத்துதா?' ஒரு நாள் பால்கனியில நிம்மதியா உட்கார்ந்துட்டேன். சாயங்காலம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரு மாத்திரை எழுதினாரு." தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "எனக்கு ஒரு நாற்காலி போதும்ப்பா. பக்கத்துல வந்து என்னன்னு கேக்காத ஒரு நாற்காலி. இந்த ஊர்ல அது இது ஒண்ணுதான் இருந்துச்சு, நீ பலூனோட வர்ற வரைக்கும்."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாமல் சாப்பிட்டதற்கு அக்கா திட்டினாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். மையத்தில் கேரம் பிரிவு உண்டு, பாட்டுப் பிரிவு உண்டு, பலூன் பிரிவு உண்டு. பிரிவில் இல்லாதவரைத்தான் வெளியே அனுப்புவார்கள். உட்காருவதற்கு ஒரு பிரிவு இருந்துவிட்டால் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் காலை இயக்குநரிடம் இதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, இவ்வளவு நாள் இதை எங்க வெச்சிருந்தீங்க?"

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஒரு வாரத்தில் 'சும்மா உட்காருவோர் பிரிவு' தொடங்கப்பட்டது. வாசலில் பேனர். இயக்குநர் உரையாற்றினார்: "நம் மக்கள் காலங்காலமாகச் சும்மா இருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் முறையான பயிற்சி இல்லாமல், வழிகாட்டுதல் இல்லாமல், தம் போக்கில் சும்மா இருந்து தம் திறமையை வீணடித்திருக்கிறார்கள். இனி அந்த அவலம் தொடராது."

பயிற்சியாளர் நான். விசில் கொடுத்தார்கள்.

நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. வரிசை கெடுகிறது என்று ஜன்னலோர நாற்காலியையும் இழுத்து வரிசையில் சேர்த்தார்கள். சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தால் பயிற்சியாளரின் முகம் தெரியாது என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் அவர்களைப் பார்த்து நின்றேன்.

"சும்மா இருங்க," என்றேன்.

இருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

பிரிவுக்குள் மூன்று நிலைகள் வந்தன. தொடக்க நிலையில் சாய்ந்துகொள்ளலாம். இடைநிலையில் சாயக் கூடாது. உயர்நிலையில் வீட்டு விஷயம் எதையும் நினைக்கக் கூடாது. நினைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஸ்டோர் அண்ணன் கேட்டார். "புருவத்துல தெரியும்," என்றார் இயக்குநர். புருவம் பார்க்க ஸ்டோர் அண்ணனே நியமிக்கப்பட்டார். டெலிபோன் அம்மாவிடம் முன்அனுபவச் சான்று இல்லாததால் தொடக்க நிலையில் சேர்த்தோம். வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்ய வீட்டுப்பாடமும் உண்டு.

"ஏம்ப்பா," என்று முதல் நாள் வகுப்பு முடிந்ததும் கேட்டார், "இது எனக்காகவா பண்ண?"

"ஆமாம்மா."

"ம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகும்போது வெள்ளையைத்தான் போட்டார்.

ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. தையல்காரர் கூட்டத்தைக் கேரத்திலிருந்து இதற்கு மாற்றினார்கள். தபால் அலுவலகத்திலிருந்து உணவு இடைவேளையில் வந்தார்கள். "அங்கயும் இதத்தானே பண்றீங்க?" என்று தையல்காரர் கேட்டதற்கு, "அங்க சர்டிபிகேட் கிடையாதே," என்றார் அவர்களில் ஒருவர். நாற்காலி போதாமல் முன்பதிவு வந்தது. முன்பதிவு காலையிலேயே முடிந்துவிடும். டெலிபோன் அம்மா இரண்டு நாள் வந்து, இடமில்லை என்று நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நிற்பதற்குத் தனிப் பிரிவு இல்லை.

மாசக் கடைசியில் போட்டி வைத்தார்கள். தலைமையகத்திலிருந்து அதிகாரி வந்தார். முதலில் ஸ்டோருக்குப் போய் கேரம் பலகையின் உறையைத் தட்டிப் பார்த்தார். ஸ்டோர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. பிறகு அதிகாரி மேடைக்கு வந்து பேசினார்.

"சும்மா இருப்பது ஒரே நாளில் கைவருவதல்ல. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஆர்வக் கோளாறால் வேலை செய்துகொண்டிருந்தேன். மூத்த அதிகாரிகள் கோபிக்கவில்லை. பொறுமையாக என்னைத் திருத்தினார்கள். இன்று நான் ஒரு துறைக்கே தலைவன். அந்தத் துறை என்ன செய்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் எனக்குக் கீழே இருப்பவர்களைக் கேட்டதில்லை. இந்தப் பரஸ்பர மரியாதையால்தான் ஒரு நிறுவனம் நிற்கிறது. எங்களிடம் இருந்த இந்த ஆற்றல் இன்று சாமானிய மக்களையும் சென்றடைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசினார்.

போட்டி தொடங்கியது. எல்லோர் தோளிலும் எண் குத்தியிருந்தது. சொறிந்தால் வெளியே, கடிகாரம் பார்த்தால் வெளியே, பெருமூச்சு விட்டால் எச்சரிக்கை. தையல்காரர் பக்கத்து ஆள் சட்டையின் தோள்பட்டைத் தையலையே உற்றுப் பார்த்ததால் வெளியேற்றப்பட்டார். "கோணலா இருந்துச்சு சார், நான் என்ன பண்ண?" என்று முறையிட்டார். முடிவெட்டுபவர் தையல்காரரைப் பார்த்துச் சிரித்து வெளியேறினார். தபால் அலுவலகத்துக்காரர்கள் நன்றாக விளையாடினார்கள். அதிகாரி சிறப்பு விருந்தினராக எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து செய்துகாட்டிக்கொண்டிருந்தார்.

டெலிபோன் அம்மாவுக்கு மட்டும் முன்பதிவு இல்லாமலே இடம் ஒதுக்கி முன்வரிசை நடுவில் உட்காரவைத்திருந்தோம். கேமராக்காரர் அவர் முகத்துக்கு அருகில் வந்து விளக்கைப் பிடித்தார். ஸ்டோர் அண்ணன் குனிந்து புருவத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "கமான் அம்மா," என்றார்கள்.

அவர் எழுந்தார். தோளில் இருந்த எண்ணைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். எனக்கு விசில் ஊத வேண்டிய கட்டாயம். ஊதினேன்.

"எங்கம்மா போறீங்க? போட்டி நடக்குது," என்றார் இயக்குநர்.

"எங்கயாவது போய் உட்காரணும்ப்பா," என்றார். வெளியேற்றப் பெட்டிக்குப் போய், பையில் கொஞ்சம் தேடி, ஒரு வில்லையைப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

முதல் பரிசு அதிகாரிக்குப் போனது. அவர் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பிக் கொடுத்தார்கள்.

மாலையில் பெட்டியைக் கவிழ்த்தேன். டெலிபோன் அம்மாவின் வில்லை நீலம். இயக்குநரிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மாறிட்டாங்க தம்பி."

"நீலம் சார்."

"நிறம் அவங்க விருப்பம். மாற்றம் நம்ம சாதனை. அசையாத ஒருத்தரை அசைச்சிருக்கோம்."

டீ வந்தது. குடித்தேன். சூடாக இருந்தது என்பது நாக்குக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு டெலிபோன் அம்மா வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த படம் மட்டும் தலைமையகத்துக்குப் போய், அங்கே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எல்லா மையத்திலும் இந்தப் பிரிவைத் தொடங்கப்போகிறார்கள். பெரிய அரங்கில் விழா. அவருக்கு 'அமர்வுச் செம்மல்' விருது. அவர் அதை மேடைக்கு வந்து, பார்வையாளர்கள் முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு ஊர் ஊராக அழைத்துப்போய் உட்காரவைப்பார்கள். "எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க," என்றார் இயக்குநர். "உங்க நிரந்தர உத்தரவு டைப் ஆயிடுச்சு. அவங்க வந்த கையோட கையெழுத்து."

அவர் வீட்டுக்குப் போனேன். மருமகள்தான் கதவைத் திறந்தார். நிஜமாகவே தங்கமான பெண். தண்ணீர் கொடுத்தார். நான் வேண்டாம் என்றதும், "ஏன், உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

"அத்தை உங்க சென்டருக்குத்தானே வந்திருக்காங்க? தினமும் மதியம் கிளம்பிடறாங்களே."

உள்ளே மகன் கம்ப்யூட்டரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா, ஆமா. நான்தான் வேற வழியா வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூலகத்தில் தேடினேன். "வந்தாங்க. சும்மா உட்காரக் கூடாது, ஏதாவது படிங்கன்னேன். போயிட்டாங்க," என்றார் நூலகர். பூங்காவில் நடைப்பயிற்சிக் கூட்டம் அவரைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. இரண்டு சுற்று நடந்துவிட்டு அதே வேகத்தில் வெளியே போய்விட்டாராம். அதற்குமேல் எங்கே தேடுவது என்று தெரியாமல், வீட்டுக்குத் திரும்பலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனேன்.

கடைசி நடைமேடையில் சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"மோப்பம் பிடிச்சு வந்துட்டியா?" என்றார். "பலூன் எங்க?"

விருதைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"மேடையில சும்மா உட்காரணும். எல்லாரும் பாப்பாங்க."

"ஆமாம்மா."

"கைதட்டுவாங்களா?"

"நடுநடுவுல."

பேருந்து ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அவர் அதன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"இங்க எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"இங்க பரவால்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்கேன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. காத்திருக்கறவங்களை யாரும் என்னன்னு கேக்கறதில்ல. இந்த வண்டி கண்டக்டர் மட்டும் ஒரு நாள் எங்கம்மா போகணும்னாரு. அடுத்ததுலன்னேன். அடுத்தது எதுன்னு அவரும் கேக்கல." ஆள்காட்டி விரலால் இருக்கையின் விளிம்பைத் தடவினார். "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற இடம் தெரியாதுப்பா."

போன் அடித்தது. இயக்குநர்.

"தம்பி, போஸ்டர் அச்சுக்குப் போகுது. அந்தம்மா கிடைச்சாங்களா? உத்தரவு என் மேசைமேலதான் இருக்கு, பேனாவைத் திறந்து வெச்சிருக்கேன்."

டெலிபோன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பையை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், எழுந்து போகத் தயாராக இருப்பவரைப் போல.

"கிடைக்கல சார்," என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"எல்லா இடத்துலயும் பாத்துட்டேன் சார். ஊர்லயே இல்லன்னு நினைக்கிறேன்."

"இதைக்கூடச் செய்ய முடியலைன்னா நிரந்தரம் எல்லாம் எப்படித் தம்பி? சரி, வேற யாரையாவது பாக்கறேன். முகம் அந்த மாதிரி இருந்தா போதும். தபால் ஆபீஸ்ல கிடைப்பாங்க."

பேனாவை மூடும் சத்தம் போனில் கேட்டது.

டெலிபோன் அம்மா பையை மறுபடி கீழே வைத்தார்.

"உன் வேலை?"

"தெரியலம்மா."

"ம்."

அவ்வளவுதான். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்குக் கால் வலித்தது. கால் வலிக்கிறது என்று தெரிந்ததே எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"பக்கத்துல வேணாம். ரெண்டு பேர் உட்கார்ந்தா பேச்சு வந்துடும். அந்தக் கோடியில ஃபேன் சுத்துது பார், அங்க போ."

போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு தூண் இருந்தது. அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேருந்து கிளம்பத் தயாரானது. கண்டக்டர் படியில் நின்றபடி டெலிபோன் அம்மா இருந்த கோடியைப் பார்த்தார், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இந்தக் கோடிக்குத் திரும்பினார்.

"நீங்க எங்க சார் போகணும்?"

"அடுத்ததுல," என்றேன்.

அவர் விசில் ஊதினார். பேருந்து போனது.